நாற்பது செக்கன் பாட்டு

சோபனாவை, அவளை விட்டுப் போனவனுக்கே திரும்பக் கட்டிவைக்கப் பார்த்தவள் நான்தான் என்று எங்கள் ஒழுங்கையில் ஒரு கதை உலாவுகிறது. கதை பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் பழியில் சரிபாதி பாண் ஓட்டோவுக்குப் போகவேண்டும்.

உட்துறைமுக வீதியிலிருந்து இறங்குகிற ஒழுங்கையில் எங்களுடையது நாலாவது வீடு. எதிர்வீடு தங்கேஸ்வரியுடையது. என் குசினி யன்னலைத் திறந்தால் அவர்களுடைய விறாந்தை முழுக்கத் தெரியும். அந்த யன்னலை அங்கே வைத்தவர் மேசன், நான் இல்லை. தங்கேஸ்வரிக்குப் புருசன் இல்லை, பிரஷர் இருக்கிறது, ஒரேயொரு மகள் இருக்கிறாள். அந்த மகள்தான் சோபனா. வயது முப்பத்திரண்டு. உப்புவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை. காலையில் ஸ்கூட்டியில் போவாள், பொழுதுபட வருவாள். ஆட்களோடு கதை குறைவு. எங்கள் ஒழுங்கையில் அது ஒரு குறைபாடு.

மூன்று வருடத்துக்கு முந்தி அவளுக்கும் உப்புவெளி லதீசனுக்கும் கலியாணம் பேசி, தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைத்து, மண்டபத்துக்கும் சொல்லியாயிற்று. இரண்டு வருடம் விரும்பிப் பழகிய பிள்ளைகள். பொன்னுருக்குக்கு ஆறு நாள் இருக்க அவன் கத்தாருக்குப் பறந்துவிட்டான். போய் இறங்கியபிறகு போனில் ஒரு குரல்பதிவு அனுப்பினான். இப்போதைக்கு இது தனக்குச் சரிவராதாம், குறை நினைக்க வேண்டாமாம். ஒரு நிமிடம் பத்துச் செக்கன். தங்கேஸ்வரி எனக்கு இரண்டு தரம் போட்டுக் காட்டினாள்.

சோபனா அழுததை ஒருவரும் காணவில்லை. நான் காணவில்லை என்றால் ஒருவரும் காணவில்லை என்றுதான் அர்த்தம். மண்டபத்துக்குத் தானே போய், சொல்லிவைத்த நாள் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்தநாள் வேலைக்குப் போனாள். ஒழுங்கைக்கு அது பெரிய ஏமாற்றம்.

இந்த வருடம் கச்சான் காற்றுத் தொடங்கிய கையோடு அவள் ஒரு பாட்டு எழுதி, தானே பாடி, யூடியூபில் போட்டாள். மனம் உடைந்து பிறகு ஆறிய கதையாம் பாட்டு. இருநூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். அதோடு அது கிடந்திருக்கும். அபூதாஹிர்தான் அதை எடுத்துத் தெருவில் விட்டான்.

அபூதாஹிர் எங்கள் பகுதிக்குப் பேக்கரியிலிருந்து ஓட்டோவில் பாண் கொண்டுவருகிறவன். காலை ஆறரைக்கு ஒரு தரம், பின்னேரம் நாலரைக்கு ஒரு தரம். இலங்கை முழுக்கப் பாண் ஓட்டோக்கள் தாங்கள் வருவது தெரியப் போடுகிறது ஒரே மெட்டுத்தானே, அவனுக்கும் அதுதான். ஆனால் தைமாதம் முதல் இன்னொரு பாண்காரனும் இதே ஒழுங்கைக்குள் வரத் தொடங்கிவிட்டான். சத்தத்தைக் கேட்டு அபூதாஹிருக்கென்று வந்த சனம் மற்றவனிடம் வாங்கிக்கொண்டு போகிறது. தனக்கென்று ஒரு மெட்டு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவன் சோபனாவின் பாட்டைக் கேட்டுவிட்டு, ஒரு சீனிப்பணிஸ் பையோடு வந்து அவளிடம் அனுமதி கேட்டான். அவள் சிரித்துக்கொண்டு ஓம் என்றாள். அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் கனகாலத்துக்குப் பிறகு கண்டேன். அதையும் நான் பிழையாகத்தான் விளங்கிக்கொண்டேன்.

அவனுடைய ஓட்டோவில் பூட்டியிருக்கிற பாட்டுப்பெட்டியில் நாற்பது செக்கனுக்கு மேல் எதுவும் ஏறாது. முதல் நாற்பது செக்கன் பாடும், பிறகு திரும்ப முதலில் இருந்து பாடும். ஆகவே வைகாசி தொடங்கி எங்கள் ஒழுங்கைக்கு நாளுக்கு இரண்டு தரம், பாணோடு இது வந்தது:

நீ போன தடத்தை மணல் மூடவில்லை
நான் ஏற்றி வைத்த திரி மாறவில்லை
நீ வைத்த கோப்பை வைத்தபடி இருக்கு
நித்திரை இல்லாமல் வாசல் முழிச்சிருக்கு

இதைக் கேட்டுவிட்டு ஆர்தான் பாணை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள்?

கச்சான் என்றால் தெரியும்தானே. மேற்கிலிருந்து நெருப்பாய் அடிக்கும், படலை தானாகத் திறந்து தானாக அடிபடும், கொடியில் உடுப்பு நிற்காது, ஊரில் அலைகிற மான்கள்கூட நிழலில் நிற்கமாட்டாமல் குப்பைத்தொட்டிக்குத் தொட்டி நடக்கும். எனக்கு அந்த நாட்களில் ஓர் இடத்தில் இருக்க ஏலாது. குசினிக்கும் படலைக்கும் நடப்பேன். பாட்டு வரும். நாலு வரியும் காதுக்குள் போய்ச் சுற்றும். ஆறிய பாட்டென்று சொல்கிறாளே, ஆறினவள் வாசலை ஏன் முழித்திருக்க வைக்கிறாள்? எனக்குப் பதில் தெரிந்தாகவேண்டியிருந்தது. யூடியூபில் போய்க் கேட்டிருக்கலாம் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். பாட்டே காலையும் பின்னேரமும் படலைக்கு வருகிறது, பிறகு நான் ஏன் டேட்டாவைச் செலவழிக்கவேண்டும்?

கோப்பைதான் என்னை மெத்த வருத்தியது. எந்தக் கோப்பை? ஒரு செவ்வாய்க்கிழமை, சோபனா வேலைக்குப் போனபிறகு, கறிவேப்பிலை கேட்கிற சாட்டில் எதிர்வீட்டுக் குசினிக்குள் போனேன். தங்கேஸ்வரி பின்வளவுக்கு ஒடிக்கப் போன நேரத்தில் கோப்பை அடுக்குகிற தட்டைப் பார்த்தேன். பூப்போட்ட கோப்பைகள் ஐந்து. அப்படிக் கோப்பைகள் ஆறாகத்தானே விற்கிறார்கள். மேசையில், யன்னல் கட்டில், அலுமாரிக்கு மேல் எல்லாம் தேடினேன். ஆறாவது அகப்படவில்லை. அப்போ அவள் அதைத் தன் அறைக்குள் வைத்திருக்கிறாள் என்று முடிவெடுத்துக்கொண்டு வந்தேன். வந்ததும் சின்னராசாவிடம் சொன்னேன். சின்னராசா என் புருசன். துறைமுகத்தில் முப்பது வருடம் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வெடுத்த மனிதர், வாயைத் தூக்குவதுதான் அருமை. பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல், அந்தக் கோப்பையைப் போன வருடம் எங்கள் வீட்டுச் சடங்குக்கு இரவல் வாங்கியவளே நான்தான் என்றார். போய்ப் பார்த்தால், எங்கள் தட்டில்தான் இருந்தது. அதற்காக நான் என் முடிவை மாற்றவில்லை.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை பத்திரகாளி கோயிலில் யோகம்மாவைக் கண்டேன். யோகம்மா லதீசனின் தாய். மூன்று வருடமாக என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் வீதி சுற்றுகிறவள், அன்றைக்குத் தானாக வந்து நின்றாள். லதீசன் கத்தாரை முடித்துக்கொண்டு வந்துவிட்டானாம். வீட்டோடு இரண்டு அறை கட்டிச் சுற்றுலாக்காரருக்கு விடப்போகிறானாம். கலியாணம் இன்னும் ஒன்றும் சரிவரவில்லையாம். பார்க்கிற பெண்ணெல்லாம் வேண்டாம் என்கிறானாம். அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

நான் சும்மா நல்லாய் இருக்கிறாள் என்றுவிட்டு வந்திருக்கலாம். நாலு வரியையும் சொன்னேன். மெட்டோடு சொன்னேன். யோகம்மாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது என்பதையும் மறைக்கக் கூடாது. பிறகு நான் தங்கேஸ்வரியிடம் போய், யோகம்மா அழுததைச் சொன்னேன். தங்கேஸ்வரி முதலில் ஏசினாள். அன்றிரவு என்ன யோசித்தாளோ, விடிய என் யன்னலுக்கு வந்து, அவர்கள் வந்தால் வாசலில் வைத்து மறிக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அவளுக்கும் பாட்டுத் தெரியும்தானே. அவளும் எங்கள் ஒழுங்கையில்தானே பாண் வாங்குகிறாள். அவள் சொன்னதை நான் உடனே யோகம்மாவுக்குப் போனில் சொன்னேன்.

சோபனாவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள்தான் பாட்டில் சொல்லிவிட்டாளே.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் யோகம்மா, லதீசன், அவனுடைய தாய்மாமன் மூவரும் வந்தார்கள். வெற்றிலை, வாழைப்பழம், பலகாரம் எல்லாம் வைத்து எவர்சில்வர் தட்டு. மூன்று வருடத்தில் லதீசனுக்குத் தொந்தி விழுந்திருந்தது, தலைமயிர் கொஞ்சம் பின்வாங்கியிருந்தது, கண் மட்டும் கெஞ்சியது. தங்கேஸ்வரி மகளை வேளைக்கு வரச்சொல்லிப் போன் பண்ணியிருந்தாள், காரணம் சொல்லவில்லை. நான் உதவிக்கென்று போயிருந்தேன். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொன்னாலும், காற்று படலையை அடிக்கும்தோறும் எழும்பி எழும்பிப் பார்த்தேன்.

நாலேகாலுக்கு ஸ்கூட்டி வந்தது. ஹெல்மெற்றைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றாள். தட்டைப் பார்த்தாள், லதீசனைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு ஆளைக் கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

இரு என்று தாய் சொன்னதும் இருந்தாள். ஹெல்மெற் மடியில்.

லதீசன்தான் தொடங்கினான். தான் செய்தது பிழை என்றான். பயந்துபோனானாம். அங்கே போய் ஒருநாளும் நிம்மதியாய் இருக்கவில்லையாம். எனக்கு அவனில் கோபம் வரவேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை. பிறகு சொன்னான்:

"அம்மா பாட்டைச் சொன்னவ. அதுக்குப் பிறகும் நான் வராமல் இருந்தால் நான் மனிசனே இல்லை."

"எந்தப் பாட்டு?" என்று சோபனா கேட்டாள்.

"உம்மட பாட்டுத்தான். வாசல் முழிச்சிருக்கு எண்டு."

"அதுக்குப் பிறகு?"

லதீசன் தாயைப் பார்த்தான். யோகம்மா என்னைப் பார்த்தாள். நான் திரைச்சீலையைப் பார்த்தேன். அதுக்குப் பிறகு திரும்ப முதலில் இருந்து வரும் என்றுதான் எனக்குத் தெரியும். ஒழுங்கை முகப்பில் அபூதாஹிர் திரும்புகிற நேரமும் அதுதான். பாட்டு மெதுவாகக் கிட்ட வந்தது, படலைக்கு முன்னால் நின்றது, முழித்திருந்தது, திரும்பவும் மணல் மூடாமல் தொடங்கியது. சோபனா அதை முதல்முறை கேட்கிற ஆள்போல் தலையைச் சரித்துக் கேட்டாள்.

"அபூதாஹிர் நானா இந்தளவுதான் போடுறவரோ," என்றாள். "நானும் காலமையில கேட்டிருக்கிறன். எனக்கு மிச்சம் மனசுக்குள்ள ஓடும். கேக்கிற ஆக்களுக்கு மிச்சம் தெரியாதெண்டு நான் யோசிக்கேல்லை."

பிறகு மிச்சத்தைச் சொன்னாள். பாடவில்லை. கடைக்கு எழுதின சாமான் துண்டை வாசிக்கிற மாதிரிச் சொன்னாள்:

"காத்தடிச்ச ஒருநாள் தடத்தை அள்ளிப் போச்சு. கோப்பையைக் கழுவ எனக்கு ஒரு வருசம் ஆச்சு. கழுவின கோப்பையில நானே ஊத்திக் குடிச்சன். சீனி கொஞ்சம் கூட, இருந்தும் முழுக்கக் குடிச்சன்."

வெளியே அபூதாஹிர் ஆருக்கோ மிச்சக்காசு கொடுத்துவிட்டு நகர்ந்தான். தாய்மாமன் ஒரு பலகாரத்தைக் கடித்துவிட்டு, கடித்தது பிழையோ என்று கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் நினைத்தேன், சரி, முடிந்தது, தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பப்போகிறார்கள் என்று. ஆனால் தங்கேஸ்வரியின் முகம் வெளித்துக்கொண்டு வந்தது.

"அப்ப ஆறிட்டுதுதானே பிள்ளை?" என்றாள். "ஆறிட்டுதெண்டால் பிறகென்ன? கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. இனிப் பயமில்லாமல் செய்யலாம்தானே?"

யோகம்மா ஓம் ஓம் என்று தலையாட்டினாள். தாய்மாமனும் அதுதானே என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நல்ல நியாயமாகத்தான் பட்டது. உடைந்திருந்தாலும் இவனிடம் கொடுக்கவேண்டும், ஒட்டினாலும் இவனிடம்தான் கொடுக்கவேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தப்பிப்போக எந்த வழியும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வழியையெல்லாம் அடைத்தவள் நான் என்பதும் உறைத்தது. எழும்ப நினைத்தேன், கதிரை வழுக்கிச் சத்தம் போட்டது, எல்லாரும் திரும்பிப் பார்க்கத் திரும்பவும் இருந்தேன்.

சோபனா ஹெல்மெற்றின் பட்டியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பச் சுற்றினாள்.

"அம்மா, கோப்பை கழுவாத வருசம் இவர் வந்திருந்தால், கதிரையில இருக்க முதலே நான் ஓம் எண்டிருப்பன்," என்றாள். "அப்ப எனக்கு யோசிக்க ஏலாது. இப்ப ஏலும். இப்ப ஒரு நிமிசமா யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். எனக்கு வேண்டாம்."

லதீசனைப் பார்த்து, "குறை நினைக்காதேங்கோ," என்றாள்.

அது அவனுடைய குரல்பதிவில் இருந்த சொல். அவள் வேண்டுமென்று சொன்னாளோ, வாயில் வந்ததோ, அது எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டும் பார்த்தேன், சொல்லவில்லை.

அவர்கள் தட்டை விட்டுவிட்டுப் போனார்கள். போகிற அவதியில் மறந்தார்களோ, எடுக்க மனமில்லையோ. யோகம்மா படலையில் நின்று, இவ்வளவு தூரம் கூப்பிட்டு இப்படிச் செய்திருக்கத் தேவையில்லை என்று என்னிடம் சொன்னாள். தங்கேஸ்வரி அன்றைக்கு முழுக்க மகளோடு கதைக்கவில்லை. நான் யன்னலைச் சாத்தினேன். காற்றுக்குத்தான் சாத்தினேன், ஆனால் சாத்தினாலும் கேட்கும். விளக்கு வைத்தபிறகு தங்கேஸ்வரியின் குரல் கேட்டது.

"அந்த ஒரு வருசமும் நீ இஞ்சதானே இருந்தனீ. எனக்கு ஏன் தெரியேல்லை?"

"தெரிஞ்சால் நீங்கள் அழுவீங்கள். உங்களைத் தேத்த எனக்கு அப்ப நேரமில்லை அம்மா."

நான் சின்னராசாவிடம் வந்து, பாட்டுக்கு இன்னொரு பாதி இருக்கிறதாம் தெரியுமா என்றேன். தனக்குத் தெரியும் என்றார், வைகாசியிலேயே போனில் முழுக்கக் கேட்டாராம். பிறகேன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்கவில்லையாம். முப்பத்தோரு வருடம் இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

தட்டு மிஞ்சியது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுத் தட்டை மற்ற வீட்டில் வைத்திருக்கவும் கூடாது, வெறுந்தட்டாய்த் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. சம்பந்தம் பேசி முறிந்த வீட்டுத் தட்டில் எதை வைத்துக் கொடுப்பது? இனிப்பு வைத்தால் ஒரு கருத்து, பழம் வைத்தால் ஒரு கருத்து. தங்கேஸ்வரியும் நானும் இரண்டு நாள் அதைக் கதைத்தோம். மூன்றாம் நாள் காலையில் சோபனா வேலைக்குப் போகிற வழியில் என் படலையில் ஸ்கூட்டியை நிற்பாட்டினாள். தட்டு, அதில் பத்து முறுக்கு, மேலே மிச்ச நாலு வரியும் எழுதின ஒரு பேப்பர்.

"அக்கா, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கோ. பாதியைக் கொண்டுபோனது நீங்கள்தானே. மிச்சத்தையும் கொண்டுபோய் யோகம்மா அக்காட்டச் சொல்லுங்கோ. அண்டைக்கு அவ சரியாக் கேட்டிருக்கமாட்டா."

ஏசினால் திருப்பி ஏச நான் ஆயத்தமாக இருந்தேன். அவள் ஏசவில்லை. எனக்கு வேறென்ன செய்ய ஏலும்? மத்தியானம் உப்புவெளியால் போகிற நிலாவெளி பஸ்ஸில் ஏறி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மிச்ச நாலு வரியையும் பாடமாக்கிக்கொண்டு போனேன். மூன்றாவது வரி ஒவ்வொரு தரிப்பிலும் மறந்துபோனது. பக்கத்தில் இருந்த மனிசி நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து எழும்பி வேறிடத்தில் இருந்தாள்.

யோகம்மா வீட்டில் இல்லை, கடைக்குப் போயிருந்தாள். லதீசன் நின்றான், சீமெந்து பட்ட காற்சட்டையோடு. தட்டை வாங்கினான். அவனிடம் சொல்வதா, தாய்க்காகக் காத்திருப்பதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொன்னேன். தடத்தை அள்ளினதைச் சொன்னேன். கோப்பை கழுவினதைச் சொன்னேன். மூன்றாவதையும் சரியாகச் சொன்னேன். சீனிக்கு வந்ததும் அவன் கையைக் காட்டி மறித்தான்.

"அது பாட்டுக்குப் போட்டிருக்கிறா அக்கா. அவ சீனி போடாமத்தான் குடிக்கிறவ. எனக்குத் தெரியும்தானே. என்னைப்போலத்தான்."

நான் அவனைப் பார்த்தேன். சோபனாவை நான் அவளுடைய ஆறு வயதிலிருந்து பார்க்கிறேன். சீனிப்போத்தலுக்குள் விரல் விட்டு நக்கி அடி வாங்குகிற பிள்ளை. இப்போதும் விறாந்தையில் இருந்து குடிக்கும்போது மூன்று கரண்டி போட்டுக் கலக்குவாள், என் யன்னல்வரை கரண்டிச் சத்தம் கேட்கும். சீனி விசம், சீனி விசம் என்று இவன் வந்து போன காலத்தில் மட்டும் அந்தச் சத்தம் இல்லை. அப்போது நான் அதைக் கவனித்தேன், உடம்பைப் பார்க்கிறாள் என்று நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

"தம்பி, அவ மூண்டு கரண்டி போடுறவ," என்றேன். "உங்களோட இருந்த ரெண்டு வருசமும்தான் போடேல்லை."

முறுக்குக்கு மேல் கிடந்த பேப்பரைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. அதை எட்டிப் பிடிக்கவும் அவன் பார்க்கவில்லை. பிறகு தட்டோடு பாதி கட்டிய அறைக்குள் போய், யன்னல் வைக்கவென்று விட்ட ஓட்டைக்குப் பக்கத்தில் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றான்.

என் வேலை முடிந்தது, பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். ஒரு பஸ் போனது. இன்னொன்றும் போனது. யோகம்மா சாமான் பையோடு வந்து, என்னைப் படலையில் கண்டு, முகத்தைச் சுழித்து, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"நாலு வரி இருக்கு," என்றேன். "சொல்லிப்போட்டுப் போறன்."